கொலையை ரியாலிட்டி ஷோவாகக் காட்டும் நையாண்டிக் கதை ஏன் வெறும் சண்டைக் கதையாகிவிடுகிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: போட்டியாளர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய ஒரு டிவி நிகழ்ச்சியை வைத்துக் கறுப்பு நையாண்டிக் கதை எழுதியிருக்கிறீர்கள். வன்முறையை வேடிக்கைப் பொருளாக்கும் தொலைக்காட்சியைச் சாடுவது நோக்கம். ஆனால் படித்த ஐந்தாறு பேரும் "அந்த மூன்றாவது சண்டை செம" என்கிறார்கள். இன்னும் கொடூரமாக எழுதினால் உறைக்குமா என்று கேட்கிறீர்கள். உறைக்காது. அந்த நிகழ்ச்சியைக் காட்டும்போதே வாசகரை அதன் பார்வையாளர் இருக்கையில் உட்காரவிடாமல் வைப்பது எப்படி என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். கொடூரத்தைக் கூட்டக் கூட அந்த இருக்கை இன்னும் வசதியாகத்தான் ஆகும்.

என் பதில் சுருக்கமாக: ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். தோற்றவர் வீட்டுக்குப் போவதற்குப் பதில் இறக்கிறார். மற்ற எல்லாவற்றையும் ரியாலிட்டி ஷோ இன்று எப்படித் தயாராகிறதோ அப்படியே வையுங்கள்: படிவம், ஒப்பந்தம், மைக், எடிட்டிங், விளம்பர இடைவேளை, தொகுப்பாளரின் கனிவு. இந்த வகை நிகழ்ச்சியில் ஒரு மனிதருக்கு நேரும் கொடுமையில் பெரும்பகுதி களத்தில் நடப்பதில்லை, மேசைகளில் நடக்கிறது. உங்கள் கதையில் களம் மட்டும் இருக்கிறது, மேசைகள் இல்லை. அதனால் அந்த மேசைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் மேசை ஆள் தேர்வு. நீண்ட விண்ணப்பம், வீடியோ நேர்காணல், பின்புல விசாரணை, மனநலப் பரிசோதனை என்று படிப்படியாகப் போகும். மனநலப் பரிசோதனையின் அறிவிக்கப்பட்ட நோக்கம், தாங்க முடியாதவர்களை முன்கூட்டியே விலக்குவது. ஆனால் யார் தனிமைக்கு அஞ்சுகிறார், யாருக்குக் குரல் உயர்ந்தால் உடல் நடுங்கும் என்பதெல்லாம் அதே நடைமுறையில்தான் வெளியே வருகின்றன. கதை நகர்த்தும் தயாரிப்பாளருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. சில தயாரிப்புகளில் மருத்துவருக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவே சுவர் உறுதியாக இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எனவே "எல்லா நிகழ்ச்சியிலும் இப்படித்தான்" என்று எழுதாதீர்கள். உங்கள் கற்பனை நிகழ்ச்சியில் அந்தச் சுவரில் ஒரு கதவு இருக்கிறது என்று எழுதுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். நிகழ்ச்சி தன்னைப் பொய்யாகவோ கேவலமாகவோ சித்தரிக்கலாம் என்று போட்டியாளர் ஒப்புக்கொள்வதும், காயமோ மரணமோ நேர்ந்தால் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பதும் இந்தத் துறையில் பழகிப்போன ஷரத்துகள். 2007-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்த 'கிட் நேஷன்' நிகழ்ச்சியில் 8 முதல் 15 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள், பெற்றோர் இல்லாமல் நியூ மெக்சிகோவின் ஒரு படப்பிடிப்பு ஊரில் தங்க வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மரணம் என்ற சொல் இருந்தது. ஒரு குழந்தைக்கு 5,000 டாலர். சிறந்த குழந்தைக்குத் தரப்பட்ட தங்க நட்சத்திரத்தின் மதிப்பு 20,000 டாலர். இதைக் கவனியுங்கள்: உங்கள் கற்பனை நிகழ்ச்சிக்காகப் புதிய ஒப்பந்தம் எதையும் எழுத வேண்டிய தேவையே இல்லை. மரணத்துக்கான ஷரத்து ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் நேரத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு நீட்டி எழுதுவது. பேனா யாருடையது, எதிரே இருப்பவர் எந்தப் பத்தியைப் படிக்காமல் புரட்டுகிறார், எந்த இடத்தில் தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார் என்பது வரை.

களத்துக்குள் போனால் கடிகாரம் இருக்காது, போன் இருக்காது, பல வடிவங்களில் புத்தகம்கூட இருக்காது. தூக்கம் குறைவு, சில நாடுகளில் மது தாராளம். நேரம் தெரியாத, தூங்காத மனிதர் சிறிய விஷயத்துக்கும் வெடிப்பார். இதற்கு யாரும் அவரைத் தூண்ட வேண்டியதில்லை, அட்டவணையே போதும். உங்கள் கதையில் தயாரிப்பாளர் வந்து "இருவரையும் மோத விடுங்கள்" என்று கத்தும் காட்சி இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். காலை உணவை இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கும்படி ஒருவர் ஒரு தாளில் திருத்துகிறார் என்று வையுங்கள். அவ்வளவு போதும்.

இனி எடிட்டிங். நையாண்டி எழுதுபவருக்குப் புதையல் இங்கேதான் இருக்கிறது. எப்போதும் கேமரா ஓடும் வீட்டு நிகழ்ச்சிகளில் ஒரு மணி நேர எபிசோடுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மணி நேரப் பதிவு கிடக்கும். அதைக் கதையாகக் கோப்பது தனியறைப் பேட்டி. அந்தப் பேட்டியில் போட்டியாளரிடம் இரண்டு விதிகள் சொல்லப்படும்: கேள்வியையும் சேர்த்துப் பதிலாகச் சொல்லுங்கள், நிகழ்காலத்தில் பேசுங்கள். "நேற்று கயிறு அறுந்தபோது பயந்தேன்" என்று சொல்லக்கூடாது. "கயிறு அறுகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். பேட்டி சம்பவம் நடந்து பல மணி நேரம், சில சமயம் பல நாள் கழித்து எடுக்கப்பட்டிருக்கும். இதை உங்கள் நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகிறது பாருங்கள். போட்டியில் உயிரோடு திரும்பியவர் மட்டுமே பேட்டி கொடுக்க முடியும் என்றால், பேட்டியில் முகம் வந்தவுடனேயே அவர் பிழைத்துவிட்டார் என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடும், விறுவிறுப்பு போய்விடும். ஆகவே தயாரிப்புக் குழு எல்லாருடைய பேட்டியையும் முந்தைய நாளே எடுத்தாக வேண்டும். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. சாகப்போகிறவர் தன் சாவை நிகழ்காலத்தில், ஒளி சரியில்லை என்பதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் உடைத் தொடர்ச்சிக்காக அதே சட்டையைத் துவைத்துக் காயவைத்துத் தருகிறார்கள். இந்தக் காட்சியில் ஒரு துளி ரத்தம் கிடையாது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் "செம" என்று சொல்ல மாட்டார்கள்.

ஒட்டுப்பேச்சு இன்னொரு கருவி. துறையில் இதை 'ஃபிராங்கன்பைட்' என்பார்கள்: வெவ்வேறு இடங்களில் பேசியதை வெட்டி ஒரே வாக்கியமாகத் தைப்பது. ஒரு போட்டியாளர் இப்படிப் பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள்: "தட்டைக் கழுவாம வெச்சா அவன்மேல எனக்குக் கொலைவெறி வரும். ஆனா எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தது அவன்தான். அவனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்." இதில் தட்டும் காய்ச்சலும் போய்விடும். "அவன்மேல எனக்குக் கொலைவெறி வரும்" நிற்கும். "விட்டுக்கொடுக்க" என்பதை எடுத்துவிட்டு, வேறொரு நாள் "தூங்க விட மாட்டேங்கிறாங்க" என்று சொன்னதிலிருந்து "விட" மட்டும் வந்து உட்காரும். கிடைப்பது: "அவன்மேல எனக்குக் கொலைவெறி வரும். அவனை நான் விட மாட்டேன்." தையல் தெரியாமலிருக்க, வெட்டு விழும் இடத்தில் படம் அவர் முகத்தை விட்டு நகர்ந்து கத்தியையோ எதிராளியையோ காட்டும். ஒலியில் பள்ளம் தெரியாமலிருக்க, அந்த அறையின் வெறும் சத்தம் அடியில் பரப்பப்படும். குரலின் சுருதி சட்டென்று மாறுவதையும், வாக்கியத்துக்கு நடுவே மூச்சு காணாமல் போவதையும் காது பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் கதையில் இந்த மூன்று கட்டங்களையும் வரிசையாக, எந்த விளக்கமும் இல்லாமல் காட்டுங்கள்: பேசியது, வெட்டியது, ஒளிபரப்பானது. அந்த ஒட்டுப்பேச்சைத் திரையில் பார்த்த நண்பன் மறுநாள் முந்திக்கொண்டு தாக்குகிறான் என்றால், கொன்றது யார் என்று நீங்கள் தனியாக எழுத வேண்டியிருக்காது.

விளம்பர இடைவேளையைப் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்க வணிகச் சேனல்களில் ஒரு மணி நேர இடத்தில் நிகழ்ச்சி ஓடுவது ஏறத்தாழ 42 முதல் 44 நிமிடம். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் முடிவைச் சொல்லாமல் நிறுத்தும் ஒரு தொங்கல், பிறகு இருபது முப்பது வினாடி பின்னே போய் அதையே மறுபடி காட்டுவது. ஆக ஒரே சம்பவம் புரோமோவில் ஒருமுறை, இடைவேளைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, அடுத்த வார முன்கதையில் ஒருமுறை வரும். இதையே உங்கள் உரைநடையின் வடிவமாக்கலாம். ஒரு மரணத்தை முதலில் நாற்பது வரியில் எழுதுங்கள், மறுபடி வரும்போது பத்து வரி, அடுத்து இரண்டு வரி, கடைசியில் பெயர்கூட இல்லாத அரை வரி. வாசகர் அந்த மரணம் தேய்வதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார்.

இடைவேளையை நிரப்பக் கொல்வது இன்றைய கற்பனையும் அல்ல. ரோமானியத் தத்துவவாதி செனெகா தன் ஏழாவது கடிதத்தில் நண்பகல் காட்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். காலையில் விலங்குகளோடு மோதல் முடிந்து, அடுத்த காட்சி தொடங்கும்வரை களம் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக, கேடயமும் தலைக்கவசமும் இல்லாத மனிதர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டுச் சாகடித்தார்கள். கொஞ்சம் இளைப்பாறலாம் என்று போனவர், மனிதர்களுக்கு நடுவே இருந்ததாலேயே முன்பைவிடக் கொடூரமானவனாக வீடு திரும்பியதாகச் சொல்கிறார். நையாண்டி எழுதும் எவரும் படிக்க வேண்டிய இரண்டு பக்கம் அது. அவர் கூட்டத்தை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்கவில்லை; தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1950-களின் அமெரிக்க வினாடி வினா மோசடிகளுக்குப் பிறகு, 1960-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டத் திருத்தம் வந்தது. பார்வையாளரை ஏமாற்றும் நோக்கில் அறிவு, திறமை, அதிர்ஷ்டம் சார்ந்த போட்டியின் முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பது குற்றம். இதனால் போட்டிப் பகுதி நடக்கும்போது விதிமுறைகளைக் கவனிக்கும் அதிகாரியோ வழக்கறிஞரோ பக்கத்தில் நிற்பது அங்கே வழக்கம். போட்டிக்கு வெளியே ஒருவரை எப்படி வேண்டுமானாலும் சித்தரிக்கலாம்; ஆனால் போட்டியில் ஒருவரின் கயிறு மற்றவருடையதைவிடக் குட்டையாக இருந்தால் ஆட்டம் நின்றுவிடும். உங்கள் கதையில் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒரே ஆள் இந்த அதிகாரியாக இருக்கட்டும். அவர் நேர்மையானவர், கண்ணும் கருத்துமாக அளக்கிறவர். இரண்டு கத்திகளின் நீளம் ஒரு சென்டிமீட்டர் வேறுபடுவதைக் கண்டுபிடித்து, நியாயம் கருதி நிறுத்துகிறார். சரிசெய்த பிறகு தொடரச் சொல்கிறார். அதேபோல, அனுமதி வாங்காத வணிகச் சின்னங்களைக் கறுப்பு டேப்பால் மறைப்பது, இல்லாவிட்டால் எடிட்டிங்கில் மங்கலாக்குவது படப்பிடிப்பின் அன்றாட வேலை. விழுந்து கிடப்பவரின் சட்டையில் மங்கலாக்கப்பட்டிருப்பது பிராண்டின் பெயர் மட்டும்தான் என்று ஒரு வரி எழுதினால் அந்த உலகம் முழுவதும் புரிந்துவிடும்.

ஒலிப்பதிவாளரையும் விட்டுவிடாதீர்கள். காலர் மைக் நெஞ்சோடு ஒட்டியிருக்கும். கேமரா பார்க்காததையும் அது கேட்கும். அவர் ஹெட்போனில் எல்லா மைக்கும் தனித்தனித் தடமாக வருகிறது. இதயத் துடிப்பும் மூச்சும் உடையின் உரசலும் அவருக்குக் கேட்கும். உங்கள் மூன்றாவது சண்டையை அவர் காது வழியாக மறுபடி எழுதிப் பாருங்கள். யார் யாரை எங்கே குத்தினார் என்று அவருக்குத் தெரியாது. துணி மைக்கில் உரசுகிறது, ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது, ஒரு தடம் அமைதியாகிறது. பேட்டரியா என்று பார்க்க ஆள் அனுப்புகிறார். மைக்கின் டிரான்ஸ்மிட்டர் வாடகைப் பொருள் என்பதால், அன்றைய வேலை முடியும்போது எண்ணிப் பெட்டியில் வைத்தாக வேண்டும்.

தொகுப்பாளர் எக்காரணம் கொண்டும் "கொல்" என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. "வெளியேற்றம்", "பயணம் நிறைவடைந்தது" என்று மட்டும் சொல்லட்டும். கண் கலங்கட்டும், அதுவும் உண்மையாகவே கலங்கட்டும். பிரான்ஸ் 2 சேனல் 2010-இல் ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படத்துக்காக, ஒரு போலிப் போட்டி நிகழ்ச்சியை நடத்தினார்கள். தப்பான பதிலுக்கு எதிராளிக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 460 வோல்ட். அதிர்ச்சி போலி, வாங்குபவர் நடிகர், ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. பங்கேற்ற 80 பேரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கடைசிவரை போனார்கள். இதற்கு முன்மாதிரியாக இருந்த, அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் 1960-களின் ஆய்வகச் சோதனையின் அடிப்படை வடிவத்தில் அந்த அளவு 40 பேரில் 26. இந்த எண்கள் உறுதியானவை. அவற்றின் பொருள் அவ்வளவு உறுதியானதல்ல. எதிராளிக்கு உண்மையில் வலிக்கவில்லை என்று பலர் உள்ளூர ஊகித்திருக்கலாம் என்ற வாதம் வலுவாகவே இருக்கிறது. ஆகவே "மனிதன் இயல்பிலேயே கொடியவன்" என்று கதையை முடிக்க இதைத் துணைக்கு அழைக்காதீர்கள். நாகரிகமாகப் பேசும் ஒருவர், பொறுப்பு எங்களுடையது என்று சொல்லித் தொடரச் சொன்னால், பெரும்பாலோர் தொடர்கிறார்கள் என்பது வரை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தொகுப்பாளருக்கு அதுவே போதும்.

வன்முறைக் காட்சி பார்ப்பவரை வன்முறையாளராக்குமா என்பதும் இதுபோலத்தான். பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர்களே ஒத்துப்போகாத விஷயம் அது. அதன்மேல் கதையைக் கட்டினால் ஆட்டம் காணும். பங்கேற்பாளர்களுக்கு நேர்ந்தவை அதைவிட உறுதியான தரை. 1997-இல் ஸ்வீடனில் தொடங்கிய 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்' நிகழ்ச்சியில் முதலில் வெளியேற்றப்பட்டவர், ஒளிபரப்புக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். பிரிட்டனில் 2019-இல் ஐடிவி சேனலின் ஒரு பகல்நேரப் பேச்சு நிகழ்ச்சி, பங்கேற்ற ஒருவரின் மரணத்துக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. பங்கேற்பாளர் நலன் பற்றிய புதிய விதிகளை அந்நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு மரணத்துக்கு நிகழ்ச்சிதான் ஒரே காரணம் என்று சொல்வது சரியாகாது, கதையிலும் அப்படிச் சொல்லாதீர்கள். ஆனால் இன்று பல நிகழ்ச்சிகளில் நல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார் என்பதால், உங்கள் நிகழ்ச்சியிலும் அவர் இருக்க வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்பவராக, கையெழுத்திட மறுத்தால் வேறொருவர் வந்து கையெழுத்திடுவார் என்று அறிந்தவராக.

பார்வையாளர்களை முட்டாள்களாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கதையின் பெரிய பலவீனம். முட்டாளைப் பார்த்து எந்த வாசகரும் "இது நான்" என்று நினைப்பதில்லை. அவர்களை நல்லவர்களாக எழுதுங்கள். தங்களுக்குப் பிடித்தவரைக் காப்பாற்ற இரவு விழித்து வாக்களிக்கிறார்கள், அவர் பிழைத்ததும் அழுகிறார்கள். ஒருவரைக் காப்பாற்றும் ஒவ்வொரு வாக்கும் இன்னொருவரைக் களத்துக்கு அனுப்புகிறது என்பதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

நையாண்டியையே தொலைக்காட்சி விழுங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. 1970-இல் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பான 'தாஸ் மில்லியோனென்ஷ்பீல்' என்ற தொலைக்காட்சிப் படம், ஒருவனைக் கொலையாளிகள் துரத்தும் போட்டி நிகழ்ச்சியாகவே எடுக்கப்பட்டிருந்தது. அதை நிஜமென்று நம்பியவர்களில் சிலர், அடுத்த போட்டியில் தாங்களும் கலந்துகொள்ள விரும்புவதாகத் தெரிவித்தார்கள். 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்க்விட் கேம்' தொடர், கடனில் மூழ்கிய 456 பேர் பணத்துக்காகச் சாவதைக் காட்டியது. 2023-இல் அதே நெட்ஃபிளிக்ஸ் அதே 456 என்ற எண்ணிக்கையில் நிஜப் போட்டியாளர்களை வைத்து 45.6 லட்சம் டாலர் பரிசோடு போட்டி நடத்தியது. என் கணிப்பில் காரணம் எளியது: விதிகள், சீருடை, எண், பொம்மை ஆகிய எல்லாவற்றையும் கதையிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தது. உங்கள் விளையாட்டின் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு விளையாடிப் பார்க்கத் தோன்றினால், நீங்கள் எழுதியிருப்பது நிகழ்ச்சிக்கான முன்மொழிவு. விதிகளை மந்தமாக்குங்கள், ஆயுத வர்ணனையை வெட்டுங்கள், களத்தின் வரைபடத்தை வாசகர் தலையில் உருவாக விடாதீர்கள்.

இதற்கு எதிர்த்திசையில் வெற்றி பெற்ற ஒன்று உண்டு. 2007 ஜூன் 1 அன்று நெதர்லாந்தின் பிஎன்என் ஒளிபரப்பிய கொடையாளர் நிகழ்ச்சியில், சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு பெண் தன் சிறுநீரகம் மூன்று நோயாளிகளில் யாருக்கு என்று தேர்ந்தெடுப்பதாக இருந்தது. ஒளிபரப்புக்கு முன்பே உலகெங்கும் கண்டனம். கடைசி நிமிடங்களில் அந்தப் பெண் நடிகை என்று தெரிவிக்கப்பட்டது. மூன்று நோயாளிகளும் நிஜ நோயாளிகள், திட்டம் தெரிந்தே பங்கேற்றவர்கள். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் உறுப்புக் கொடைக்குப் பதிவு செய்தார்கள். அந்த நிகழ்ச்சியில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை: வழக்கமான இசை, வழக்கமான அறிமுகப் படங்கள், குறுஞ்செய்தி மூலம் பார்வையாளர் ஆலோசனை. பண்டமாக வைக்கப்பட்டது மட்டும் வேறு.

முடிவில் நாயகி தயாரிப்பாளரைக் கொல்லும் காட்சியையும் எடுத்துவிடுங்கள். பழிவாங்கிய நிறைவு என்பது அந்த நிகழ்ச்சி விற்கும் சரக்குதான். அதை நீங்களும் விற்க வேண்டாம். மாற்றி எழுதிய வரைவைப் படிக்கக் கொடுக்கும்போது "பிடித்ததா" என்று கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு முன் ஆயுதங்கள் நினைவுக்கு வந்தால் அந்தப் பக்கங்களை மறுபடி வெட்டுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பக்கம் நினைவுக்கு வந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.